பட்டா வழி வந்த ரெண்டாயிரம்

2025 நவம்பர் 19, புதன்கிழமை பிற்பகல். பாரூர் பெரிய ஏரிக்குக் கீழே இருக்கும் எங்கள் சின்னம்மா வீட்டில், மாடத்தில் வைத்திருந்த பட்டன் போன் ஒருமுறை ஒலித்து அடங்கியது. செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. சின்னம்மாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். போச்சம்பள்ளி சிப்காட்டுக்கு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையனிடம் போனை நீட்டினார். அவன் பார்த்துவிட்டு, "காசு ஏறிடுச்சு பெரிம்மா, ரெண்டாயிரம்" என்றான். சின்னம்மா போனை வாங்கி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாடத்திலேயே வைத்தார். மூன்று வருடம் காத்திருந்து வந்த காசு அது.

எங்கள் பக்கத்தில் யாரும் இதன் முழுப்பெயரைச் சொல்வதில்லை. 'கிசான் காசு' என்பார்கள், இல்லையென்றால் வெறுமனே 'ரெண்டாயிரம்'. பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதி என்பது அரசாணையில் இருக்கும் பெயர். அந்த ரெண்டாயிரம் எங்கே புறப்பட்டது, எந்த வழியாக வந்தது, எங்கெங்கே நின்று நின்று வந்தது என்று நான் பின்தொடர்ந்து போனேன். போகப் போக அது டெல்லியில் தொடங்கிய பயணமாகத் தெரியவில்லை. இருநூறு வருடத்துக்கு முன்னால் இதே மண்ணில் தொடங்கியதாகத்தான் தெரிந்தது.

டெல்லிக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுருக்கமானது. 2019 பிப்ரவரி 1 அன்று இடைக்கால பட்ஜெட்டை வாசித்த பியூஷ் கோயல், சிறு, குறு விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக, நேராக வங்கிக் கணக்கில் என்று அறிவித்தார். அதே மாதம் 24-ம் தேதி கோரக்பூரில் பிரதமர் மோடி முதல் தவணையை விடுவித்தார். முதலில் 2 ஹெக்டேர் வரை, அதாவது ஐந்து ஏக்கர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. அந்த ஆண்டு ஜூனிலிருந்து நில அளவு வரம்பு நீங்கியது. வருமான வரி கட்டுகிறவர், அரசு வேலையில் இருப்பவர், மாதம் பத்தாயிரமும் அதற்கு மேலும் ஓய்வூதியம் வாங்குகிறவர், டாக்டர், வக்கீல், இன்ஜினீயர் தொழில் செய்கிறவர் ஆகியோருக்குக் கிடையாது. கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். அதற்கு ஒரு தொகை. சின்னம்மாவின் போன் ஒலித்த அன்று வந்தது 21-வது தவணை. அதைப் பிரதமர் கோயம்புத்தூர் கொடிசியா வளாகத்தில், இயற்கை வேளாண்மை மாநாட்டு மேடையில் விடுவித்தார். நாடு முழுக்க சுமார் 9 கோடி விவசாயிகளுக்கு 18,000 கோடி ரூபாய்.

முதல் தவணையும் ரெண்டாயிரம், இருபத்தோராவது தவணையும் ரெண்டாயிரம். ஒன்றுகூட விடுபடாமல் வாங்கியவருக்குக் கூட்டிப் பார்த்தால் 42,000 வரும். இடைப்பட்ட ஆறேமுக்கால் வருடத்தில் உழவு கூலி, நடவு கூலி எவ்வளவு ஏறியது என்று நாற்று நட்ட எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வார். நாடாளுமன்ற வேளாண் நிலைக்குழுவே 2024 டிசம்பரில் இதை 12,000 ஆக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது.

இப்போது எங்கள் மண்ணான பாராமகாலுக்கு வருவோம்.

1792-ல் திப்பு சுல்தானோடு நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. வரி வசூலை ஒழுங்கு செய்ய அனுப்பப்பட்டவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. தருமபுரியில் தங்கி வேலை பார்த்தவர், பின்னாளில் சென்னை மாகாண கவர்னர். வங்காளத்தில் கம்பெனி ஜமீன்தார்களிடம் மொத்தமாக வரியை ஒப்பந்தம் பேசி முடித்துக்கொண்டிருந்த காலம் அது. ரீட்டும் மன்றோவும் இங்கே வேறு வழியில் போனார்கள். வயல் வயலாக அளந்தார்கள், மண்ணைத் தரம் பிரித்தார்கள், நடுவில் ஆள் இல்லாமல் ஒவ்வொரு குடியானவனோடும் சர்க்கார் நேராகக் கணக்கு வைத்துக்கொண்டது. அந்தக் கணக்குக்கு அடையாளமாக அவன் கையில் கொடுத்த காகிதம்தான் பட்டா. ரயத்துவாரி முறை என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அது பிறந்த மண் இதுதான். பிறகுதான் அது மாகாணத்தின் மற்ற பகுதிகளுக்குப் போனது.

அன்றைக்குப் பட்டாவில் பெயர் ஏறியவனிடம் சர்க்கார் பணம் வாங்கியது. பஞ்சம் வந்தால் தக்காவி கொடுத்தது; 1884-ல் அதற்கென்று விவசாயிகள் கடன் சட்டமே வந்தது. ஆனால் தக்காவி கடன்தான், வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். 2019-ல்தான் முதல்முறையாக அதே பட்டாவைப் பார்த்து, அதே பெயருக்கு, இந்தியா முழுக்க அரசாங்கம் திருப்பிக் கேட்காத பணத்தை நேராக அனுப்பத் தொடங்கியது. வாய்க்கால் பழையது, தண்ணீர் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடத் தொடங்கியிருக்கிறது. பழைய வாய்க்காலில் எங்கெங்கே மண் மேவியிருந்ததோ அங்கெல்லாம் இந்தப் பணமும் தேங்கி நின்றது.

சின்னம்மா விஷயத்தில் அது மூன்று வருடம் நின்றது. சித்தப்பா இருந்தவரை காசு ஒழுங்காக வந்தது. 2022 அக்டோபரில் வந்த பன்னிரண்டாவது தவணைதான் அவர் கடைசியாக வாங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் போய்விட்டார். முக்கால் ஏக்கர் கழனியும் ஒன்றேகால் ஏக்கர் மாங்கொல்லையும் அவர் பெயரில் பட்டாவாக நின்றன. இறந்தவர் பெயருக்குக் காசு வரக்கூடாது, அது சரி. இந்தத் திட்டத்தில் 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் வாங்கியவர்களுக்கு இடமில்லை. வாரிசாக நிலம் வந்தவர்களுக்கு மட்டும் அந்தத் தேதி தடையில்லை. ஆகவே சின்னம்மாவுக்கு உரிமை உண்டு. ஆனால் உரிமை உண்டு என்பதற்கும் பட்டாவில் பெயர் ஏறுவதற்கும் நடுவில் நடக்க வேண்டிய தூரம் பெரியது.

முதலில் இறப்புச் சான்று, பிறகு வாரிசுச் சான்று. அதற்கு வி.ஏ.ஓ. விசாரணை, வருவாய் ஆய்வாளர் அறிக்கை, வட்டாட்சியர் உத்தரவு. வாரிசுகள் மூன்று பேர்: சின்னம்மா, ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் தம்பி, எல்லைக்கு அந்தப் பக்கம் மாலூரில் வாழ்க்கைப்பட்ட தங்கை. பிள்ளைகள் இருவரும் அம்மா பெயருக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும். தம்பிக்கு லீவு கிடைத்தபோது தங்கைக்குப் பேறுகாலம். தங்கை வந்தபோது தம்பிக்கு இரவு ஷிப்ட். இருவரும் ஒரே நாளில் பத்திர ஆபீசில் வந்து உட்கார ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அங்கே போனபின் தெரிந்தது, பத்திரத்தில் சித்தப்பாவின் அப்பா பெயர் ஒரு மாதிரியும் பட்டாவில் வேறு மாதிரியும் இருந்தது. 1980-களில் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்தபோது விழுந்த பிழை அது. 'யுடிஆர் தப்பு' என்று எங்கள் ஊரில் சொல்லாத வீடு இல்லை. அன்று எழுத்தர் ஒருவர் கை தவறி எழுதிய ஓர் எழுத்து, நாற்பது வருடம் கழித்து கணினித் திரையில் அப்படியே வந்து நின்றது. அதைத் திருத்த ஒரு மனு. அந்த மனு ஓர் அலுவலகத்தில் காணாமல் போய், மறுபடி ஒரு மனு.

பதிமூன்றாவது தவணையிலிருந்து இருபதாவது தவணை வரை எட்டு தவணை, 16,000 ரூபாய். அது போனது போனதுதான்.

வாசிக்கிறவர்களிடம் இந்த இடத்தில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் நிலம் இருந்து, பட்டா இன்னும் இறந்துபோனவர் பெயரிலோ கூட்டுப் பட்டாவிலோ கிடந்தால், அதைப் பிரித்து மாற்றும் வேலையை அடுத்த விசேஷத்துக்குத் தள்ளாதீர்கள். எல்லோரும் ஒன்றுகூடும் விசேஷ நாளிலேயே அதைப் பேசி முடித்துவிடுங்கள். கூட்டுப் பட்டாவில் நாலு அண்ணன் தம்பிகள் பெயர் கிடக்க, அதில் ஒருவர்கூட இந்தக் காசை ஒழுங்காக வாங்க முடியாமல் இருக்கும் வீடுகள் எத்தனையோ.

பட்டா சரியானபின் பதிவு. இ-சேவை மையத்தில் ஆதார், பட்டா, பாஸ்புக், போன் நம்பர். 2025-ல் இதோடு இன்னொன்றும் சேர்ந்தது: விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண். நிலத்தையும் ஆதாரையும் ஒன்றாகக் கட்டி ஒரு நம்பர் கொடுக்கிறார்கள். இவ்வளவு கெடுபிடி ஏன் என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு 2020-ஐ நினைவூட்ட வேண்டும். கொரோனா காலத்தில் விவசாயிகள் தாங்களே இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்று வாசல் திறந்தது. வேளாண் அலுவலகங்களின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி இடைத்தரகர்கள் ஊர் ஊராக ஆள் சேர்த்தார்கள். செண்டு நிலம்கூட இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் பட்டியலில் ஏறினார்கள். ஆகஸ்டில் கள்ளக்குறிச்சிப் பக்கம் வெடித்த இந்த விவகாரத்தில், தகுதியில்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கணக்கில் 110 கோடி ரூபாய் போயிருப்பதாக அப்போதைய வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி சொன்னார். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. முறைகேடு நடந்த மாவட்டங்களின் பட்டியலில் எங்கள் கிருஷ்ணகிரியும் இருந்தது. திருட்டுக்குப் போட்ட பூட்டு அவசியமானது, நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பூட்டின் பாரம் முழுக்க, திருடாத சின்னம்மா மாதிரியானவர்களின் காலில்தான் விழுந்தது.

பெயர் ஏறிவிட்டால் பிறகு பணம் பறக்கிறது. மாவட்டமும் மாநிலமும் சரிபார்த்து ஒப்பமிட்ட பட்டியல் டெல்லிக்குப் போகிறது. அங்கே நிதி மாற்ற ஆணை உருவாகி, தேசிய கொடுப்பனவுக் கழகத்தின் ஆதார் பாலத்தின் வழியாக வங்கிக்கு வருகிறது. வருடக்கணக்கில் காகிதத்தில் நடந்தது, இங்கே ஒரு நாளைக்குள் முடிந்துவிடுகிறது. இதில் ஊரில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. பணம் நாம் கொடுத்த பாஸ்புக் நம்பரைப் பார்த்து வருவதில்லை. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கு இணைக்கப்பட்டதோ அதற்கே போகிறது.

சின்னம்மா கூட்டுறவு வங்கி பாஸ்புக்கைத்தான் கொடுத்திருந்தார். போனில் செய்தி வந்த மறுநாள் அங்கே போய் வரிசையில் நின்றார். வரவில்லை என்றார்கள். அடுத்த நாளும் போனார், இல்லை என்றார்கள். முகம் வாடிப்போய்த் திரும்பினார். கடைசியில் பையன் செய்தியை மறுபடி நிதானமாகப் படித்துச் சொன்னான்: காசு அஞ்சலக வங்கிக் கணக்கில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது திறந்த கணக்கு அது. அப்போது ஆதாரை அதில் இணைத்ததே அவருக்கு மறந்துபோயிருந்தது.

தபால்காரர் கைக்கருவியோடு திண்ணைக்கு வந்தார். சின்னம்மா வலது கட்டை விரலை வைத்தார். விழவில்லை. ஆள்காட்டி விரல், விழவில்லை. நாற்பது வருடம் களை பறித்து, கேழ்வரகு அறுத்து, சாணி தட்டின கை. ரேகை என்று சொல்ல அதில் வெடிப்புகள்தான் இருந்தன. "நல்லா கழுவிட்டு வாங்கம்மா" என்றார் தபால்காரர். கழுவி, ஈரத் துணியால் துடைத்து, இடது கை நடுவிரலில் நான்காவது முறை பச்சை விளக்கு எரிந்தது. "விழுந்திடுச்சு!" என்று சின்னம்மா கூவினார். நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். முதல் தவணை வந்த 2019-ல் இது ஒரே தாளாகக்கூட வந்திருக்கலாம். அந்த ரெண்டாயிரம் தாளை ரிசர்வ் வங்கி 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டது. கைரேகை விழாதவர்களுக்காக முகத்தைக் காட்டி கே.ஒய்.சி. முடிக்கும் வசதி 2023-ல் கிசான் செயலியில் வந்தது. ஆனால் அதற்கு ஸ்மார்ட் போன் வேண்டும். சின்னம்மாவுடையது பட்டன் போன்.

எல்லையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் காசைப் பற்றி இன்னொன்றும் தெரியும். கிருஷ்ணகிரி மாவட்டம் கர்நாடகத்தையும் தொடுகிறது, ஆந்திரத்தையும் தொடுகிறது. டெல்லியிலிருந்து மூன்று மாநிலத்துக்கும் வருவது ஒரே ஆறாயிரம். கர்நாடகத்தில் எடியூரப்பா அரசு 2019-ல் அதோடு ஆண்டுக்கு 4,000 சேர்த்துக் கொடுத்தது, சில ஆண்டுகள் அது நடந்தது. மாலூர்த் தங்கையின் மாமனார் அதை வாங்கியவர். ஆந்திரத்தில் ஜெகன்மோகன் ரெட்டி அரசு அதே ஆண்டு அக்டோபரில் ரைத்து பரோசா என்று தொடங்கி, டெல்லிப் பணத்தோடு சேர்த்து 13,500 ஆக்கியது. ஆந்திரம் செய்ததில் தொகையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: நிலமே இல்லாமல் குத்தகைக்கு உழும் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை விவசாயிகளுக்கும் அந்த முழுத்தொகையை மாநில அரசே கொடுத்தது. ஒடிசாவின் காலியா திட்டமும் நிலமற்றவர்களைச் சேர்த்துக்கொண்டது. தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் உண்டு, அதன் மதிப்பு பெரியது. ஆனால் அதுவும் கிணறும் மோட்டாரும் உள்ளவர் வீட்டுக்குத்தான் வரும்.

ரெண்டாயிரம் கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்கிறேன்.

சித்தப்பா போனபிறகு சின்னம்மாவால் கழனி வேலை பார்க்க முடியவில்லை. முக்கால் ஏக்கரை வாரத்துக்கு விட்டிருக்கிறார். உழுகிறவர் அதே ஊர்க்காரர், ஐம்பது வயது இருக்கும், சொந்தமாக நிலம் கிடையாது. சின்னம்மா அவரைத் தம்பி என்பார், அவர் இவரை அக்கா என்பார். நந்தி மலையில் பிறந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் ஆலைக் கழிவின் நுரையோடு வந்து, கே.ஆர்.பி. அணை தாண்டி, நெடுங்கல் அணைக்கட்டில் திரும்பி பாரூர் ஏரிக்கு வருகிறது தென்பெண்ணைத் தண்ணீர். பாரூர், அரசம்பட்டி என்று சுற்றுவட்டாரத்தில் சுமார் 2,400 ஏக்கருக்குப் பாயும் அந்தத் தண்ணீரை ராத்திரி டார்ச் லைட்டோடு போய் மடை திருப்பி விடுவது அவர்தான். அண்டை வெட்டுவது, நாற்று விடுவது, மருந்தடிப்பது எல்லாம் அவர்தான். விளைந்ததில் பாதி அவருக்கு, பாதி சின்னம்மாவுக்கு.

ரெண்டாம் போகத்துக்கு உரம் வாங்க வேண்டியிருந்தது. சின்னம்மா அந்த நான்கு தாளையும் அவரிடமே கொடுத்தார். அவர் சொசைட்டிக்கு எக்ஸ்.எல். வண்டியில் போனார், நானும் கூடப் போனேன். டி.ஏ.பி. ஒரு மூட்டை 1,350 ரூபாய். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, ரெண்டு மூட்டை 533. ஆக 1,883. மீதி 117. நாற்பது அலுவலகப் படி ஏறி, மூன்று வருடம் காத்திருந்து வந்த காசு முக்கால் ஏக்கரின் ஒரு போகத்து உரத்தோடு தீர்ந்தது. அந்த உரத்துக்கும் அரசு மானியம் உண்டு. யூரியா மூட்டையின் அசல் விலை அச்சிட்ட விலையைப்போலப் பல மடங்கு. அந்த மானியத்துக்காக உரக் கடையிலும் ஆதார் கேட்கிறார்கள், கருவியில் விரல் வைக்கச் சொல்கிறார்கள்.

வாரத்துக்கு உழும் அவர் விரலை வைத்தார். முதல் முறையே விழுந்தது. கருவி அவருடைய பெயரைக் காட்டி ரசீது கொடுத்தது. உர மூட்டை வாங்கும் விவசாயி என்று அரசாங்கத்தின் ஒரு கணினிக்கு அவரைத் தெரிந்திருக்கிறது. கிசான் காசு கொடுக்கும் இன்னொரு கணினிக்கு அவரைத் தெரியவில்லை. வண்டியில் மூட்டையைக் கட்டும்போது, உங்களுக்கு இந்தக் காசு வராதாண்ணா என்று கேட்டேன். "நமக்கேது பட்டா?" என்றார், கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே.

அவர் சொன்னதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. தமிழ்நாடு 1969-லேயே விவசாய நிலக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. யார் நிலத்தை யார் உழுகிறார் என்று எழுதிவைக்க ஒரு பதிவேடு அதில் உண்டு. ஊர்களில் நடக்கும் வாரமும் குத்தகையும் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். எழுதிவைத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று உடைமைக்காரருக்குப் பயம், கேட்டால் வாரமே போய்விடும் என்று உழுகிறவருக்குப் பயம். நில உரிமைக்குப் பங்கம் வராமல், ஒரு பருவத்துக்கு மட்டும், இவர் இந்த நிலத்தை உழுகிறார் என்று ஒரு சாகுபடிச் சான்று கொடுத்தால் இருவருக்கும் பயம் விடும். ஆந்திரம் 2019-ல் பதினொரு மாதச் சாகுபடி அட்டை கொடுக்கச் சட்டம் இயற்றி அதைச் செய்யத் தொடங்கியது. குத்தகை விவசாயிகளையும் விவசாயக் கூலிகளையும் இந்த நிதியில் சேர்க்க வேண்டும் என்று நாடாளுமன்றக் குழுவும் சொல்லிவிட்டது. டெல்லி செய்யும்வரை காத்திருக்காமல் தமிழ்நாடு அரசு இதைத் தொடங்க வேண்டும். வி.ஏ.ஓ.க்களிடம் அடங்கல் என்ற பயிர்க் கணக்கு இருக்கிறது, பயிர் இருக்கிறது, உழுகிறவர் கண்ணெதிரே நிற்கிறார். அடங்கலில் அவருக்கு ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.